கயிற்றின் மறுமுனை

"அவர் சுபாவம் அப்படி" என்று சொல்வது நம்மிடையே ஒரு வழக்கம். கோபக்காரர் ஒருவர் சாப்பாட்டு இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போனால், அவர் மனைவி விருந்தாளியிடம் இதைத்தான் சொல்லுகிறாள். வாங்கிய கடனைத் திருப்பித் தராத மைத்துனனைப் பற்றியும் இதையேதான் சொல்லுகிறோம். இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேள்வி கேட்கிறவன்தான் பொல்லாதவன்.

நானும் என் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களுக்காக இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சுபாவம் என்றால் என்ன, அதற்கு ஜவாப்தாரி யார் என்று உண்மையாக யோசித்துப் பார்த்தது, 2023ஆம் வருஷம் லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான். என்னை யோசிக்க வைத்தது ஒரு நாய்.

சிநேகிதரும் நானும் கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் அத்துடன் படிப்பை நிறுத்திக்கொண்டு கதை எழுத வந்துவிட்டேன். அவர் மேலே படித்து, சீமைக்குப் போய், அங்கேயே வீடும் வாசலுமாகத் தங்கிவிட்டார். ஒரே மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்தது. கணவனும் மனைவியுமாக யோசித்து ஒரு நாயை அழைத்து வந்தார்கள். அது குட்டி நாய் அல்ல. பந்தய மைதானங்களில் ஓடி, நாலு வயதில் ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய். பெயர் ரூபி.

"நாலு வயசிலே ஓய்வா?" என்று நான் சிரித்தேன்.

"சிரிக்காதே. அது பார்த்த வேலையிலே அதுவே கிழவயசு" என்றார் சிநேகிதர்.

அவர் சொன்னது உண்மைதான். கிரேஹவுண்ட் பன்னிரண்டு வயதுக்கு மேலும் இருக்கக்கூடிய நாய். ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதன் பந்தய வாழ்க்கை முடிந்துவிடுகிறது. கால் எலும்பு முறியலாம். அல்லது மற்ற நாய்களைவிட அரை விநாடி பின்தங்க ஆரம்பிக்கலாம். ஆக, பிழைப்பு முடிந்த பிறகு அதன் வாழ்நாளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

ரூபியை முதலில் பார்த்ததும் எனக்கு நம் கரிசல் காட்டுச் சிப்பிப்பாறை நாயின் நினைவு வந்தது. அதே ஒடுங்கிய இடுப்பு, அதே ஆழ்ந்த மார்பு, அதே நீண்ட கால்கள். பார்வையால் வேட்டையாடும் நாய்கள் எந்தத் தேசத்தில் பிறந்தாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கின்றன. ஆனால் வேட்டை நாய் என்றதும் நாம் நினைத்துக்கொள்ளும் மூர்க்கம் அதனிடம் துளியும் இல்லை. ஒரு நாளில் பெரும் பகுதியைத் தூங்கியே கழித்தது. சோபாவில் மல்லாந்து நாலு கால்களையும் மேலே போட்டுக்கொண்டு அது தூங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குரைத்து நான் கேட்கவே இல்லை. பக்கத்தில் வந்து, முழு உடம்பையும் நம் காலின்மேல் சாய்த்துக்கொண்டு நிற்கும். அதுதான் அதன் அன்பு.

சிநேகிதரின் மனைவி அதைப் பற்றி ஒரு தாயின் பெருமையோடு சொன்னார்: "வந்த புதுசுலே மாடிப்படி ஏறத் தெரியாது அண்ணா. படியைப் பார்த்துட்டு அப்படியே நடுங்கி நிக்கும். கண்ணாடிக் கதவுன்னா என்னன்னு தெரியாது, போய் முட்டிக்கும். ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு நான்தான் படி ஏறக் கத்துக் கொடுத்தேன்."

பிறந்தது முதல் கொட்டடியிலும் மைதானத்திலுமே வளர்ந்த பிராணிக்கு வீடு என்பது அந்நிய தேசம். இங்கிலாந்தில் ஓடுகிற நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. ரூபியும் அப்படித்தான். அதன் இரண்டு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்திய எழுத்துகள் இருந்தன. பந்தயத்தில் ஆள் மாறாட்டம் நடக்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. ரூபி காதை மடித்துக்கொண்டு தூங்கும்போது அந்த எழுத்துகள் வெளியே தெரியும். ஏனோ அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்தது.

வந்த முதல் நாளே சிநேகிதர் எனக்கு மூன்று கட்டளைகள் போட்டுவிட்டார். வெளியே போனால் கழுத்துக் கயிற்றை ஒரு நிமிஷமும் அவிழ்க்கக் கூடாது. தோட்டத்துக்கு விடுவதாக இருந்தாலும் வாய்க்கூடை போட வேண்டும். அதற்கும் முன்னால், தோட்டத்தில் பூனையோ அணிலோ இருக்கிறதா என்று நாம் இறங்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"இவ்வளவு சாதுவான நாய்க்கா?" என்றேன்.

"சாதுதான். ஏதாவது ஓடற வரைக்கும்" என்றார் அவர்.

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டாரோ என்னவோ, ஒரு நாள் மாலை என்னைப் பக்கத்திலிருக்கும் ராம்ஃபோர்டு மைதானத்துக்கு அழைத்துப் போனார். 1929இல் ஏற்பட்ட பழைய மைதானம் அது. ஆறு கூண்டுகள். சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு, கறுப்பு வெள்ளைக் கோடு என்று ஆறு சட்டைகள் அணிந்த ஆறு நாய்கள். உள்ளே இருக்கும்போதே அவை கூண்டைப் பிறாண்டின. ஓடுபாதையை ஒட்டிய தண்டவாளத்தில் ஒரு துணிப் பொதி மின்சாரத்தில் கடகடவென்று ஓடி வந்தது. அதுதான் முயல். கூண்டு திறந்தது. நாய்கள் ஓடின என்று எழுதலாம். ஆனால் நான் பார்த்ததற்கு அந்த வார்த்தை போதாது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நாலு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். 400 மீட்டர் பந்தயம் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. பொய் முயல் மறைந்துவிட்டது. எந்த நாயும் அதைப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியாதபடிதான் அது ஓட்டப்படுகிறது.

சுற்றிலும் ஜனங்கள் எழுந்து நின்று கூவினார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் தம் நாய் ஜயித்த சந்தோஷத்தில் என் முதுகில் தட்டினார். நானும் கூவிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உயிருள்ள முயலின் பின்னால் நாயை ஏவுவது மிகப் பழைய விளையாட்டு. அதை மைதானத்துக்குள் கொண்டுவந்து, உயிர் முயலுக்குப் பதில் இயந்திர முயலை வைத்தவர் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1919இல் கலிபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரில் அப்படி ஒரு மைதானம் திறந்தார். 1926இல் அது இங்கிலாந்துக்கு வந்தது. மான்செஸ்டரில் பெல் வியூ மைதானத்தில் தொடங்கிய மோகம் சில வருஷங்களில் நாடெங்கும் பரவிவிட்டது. தொழிலாளிக் குடும்பங்களுக்கு அது வாராந்தரத் திருவிழா. 1929லும் 1930லும் டெர்பி பந்தயத்தில் ஜயித்த மிக் தி மில்லர் என்ற நாய், நம் ஊர் சினிமா நடிகரைப்போல் கொண்டாடப்பட்டது. இறந்த பிறகு அதைப் பாடம் செய்து வைத்தார்கள். டிரிங் நகரத்து அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

ஜயித்த நாய்க்கு அருங்காட்சியகம். தோற்ற நாய்களுக்கு என்ன கிடைத்தது? 2006இல் டர்ஹாம் பிரதேசத்தில் ஒரு மனிதர், வேகம் குறைந்த நாய்களைப் பயிற்சியாளர்களிடமிருந்து கூலிக்கு வாங்கி, சுட்டுக் கொன்று, தம் வீட்டை ஒட்டிய நிலத்தில் வருஷக்கணக்காகப் புதைத்து வந்தது பத்திரிகையில் வெளியாயிற்று. நாடே அதிர்ந்தது. வழக்கு வந்தது. என்ன வழக்கு? அனுமதியின்றிக் கழிவுகளைப் புதைத்தார் என்பதுதான் வழக்கு. அபராதமும் அதற்குத்தான். சொந்தக்காரரின் சம்மதத்தோடு, சித்திரவதை செய்யாமல், ஒரு நாயைச் சுட்டுக் கொல்வது சட்டத்தின் முன் குற்றமாக இல்லை.

இதை நினைத்து வெட்கப்பட்ட நல்லவர்களும் அந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். பந்தய நாய்களுக்கு வீடு தேடித் தரும் சங்கங்கள் 1970களிலிருந்தே வேலை செய்து வருகின்றன. பந்தயத்தையே நிறுத்த வேண்டும் என்ற குரலும் வலுத்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஜனங்கள் 2018இல் வாக்களித்து, 2020ஆம் வருஷக் கடைசியோடு அங்கே பந்தயத்தை நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் நியூஸிலாந்து அரசாங்கமும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் போட்டு மைதானத்தை மூடலாம். நாய்க்குள் இருக்கும் மைதானத்தை எந்தச் சட்டத்தால் மூட முடியும்? அது ரத்தத்தில் ஓடுகிறது. ஓடுகிற எதைக் கண்டாலும் கூடவே ஓடத் தூண்டும் அந்தத் தாகத்தை, வேகமான நாயையும் வேகமான நாயையும் இணை சேர்த்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக மனிதன்தான் கெட்டிப்படுத்தினான்.

இவ்வளவும் சிநேகிதர் சொல்லக் கேட்டிருந்தேன். மைதானத்தில் என் கண்ணாலும் பார்த்துவிட்டேன். அப்படியும் நான் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். ரூபி தோட்டத்துக் கதவருகில் நின்று என்னைப் பார்த்தது. வாய்க்கூடையை எடுத்து மாட்டினேன். அது தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டது. அந்தக் குனிவுதான் என்னைக் கெடுத்தது. எத்தனை வருஷமாக இந்தக் கூடைக்குள் இதன் முகம் இருந்திருக்கும்! மைதானத்திலும் கூடை, வீட்டிலும் கூடையா? விடுதலை, கருணை என்றெல்லாம் இருபது வருஷமாக எழுதி வந்தவன் நான். கூடையைக் கழற்றினேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அதற்கென்று அடித்திருந்த ஆணியில், பழக்க தோஷத்தில், ஒழுங்காக மாட்டினேன். தோட்டத்தில் இறங்கிப் பார்க்கவும் இல்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

மரக் கொட்டகையின் ஓரத்தில், வெயிலில், அடுத்த வீட்டுப் பூனை படுத்திருந்தது. ரூபியைக் கண்டதும் எழுந்து ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்தல் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் இன்றும் மறக்க முடியாதது அதற்குப் பிறகு ரூபி என்னிடம் வந்த விதம்தான். முகத்தில் கோபம் இல்லை, குரூரம் இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து, வழக்கம்போல் என் காலின்மேல் சாய்ந்தது. மைதானத்தில் ஓடி முடித்த நாய்களின் முகத்தில் என்ன இருந்ததோ, அதேதான் இருந்தது. அங்கே அதற்காக ஜனங்கள் எழுந்து நின்று கூவினார்கள், நானும் கூவினேன்.

சிநேகிதர் திரும்பி வந்ததும் அவருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. "கூடை போட்டிருந்தியா?" என்று கேட்டார்.

"போட்டிருந்தேன்... கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது" என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான். நாற்பது வயதுக்கு மேல், ஒரு நாயின்மேல் பழியைப் போட்டேன். அதோடும் நிற்கவில்லை. "என்ன செய்வது, அதன் சுபாவம் அப்படி" என்று ஒரு தத்துவத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

சிநேகிதர்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தனியாக இருப்பவர். அந்தப் பூனைதான் அவருக்கு வீட்டு மனிதர். சிநேகிதர் திரும்பி வந்தபோது, கூடையையே கழற்றக் கற்றுக்கொண்டுவிட்ட நாயை இனி வீட்டில் வைத்திருப்பது சரியா, சங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டுமா என்று பேச்சு ஆரம்பித்தது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

"கூடை ஆணியிலேயே தொங்குது அண்ணா."

அவ்வளவுதான். குற்றம் சாட்டவில்லை. விளக்கம் கேட்கவில்லை. விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்றவே பார்த்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கீழே ரூபி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. அது தூங்குவதற்கு நியாயம் இருக்கிறது. செய்தது தவறு என்று அறிய அதற்கு வழியில்லை. வழியிருந்தவன் மாடியில் விழித்திருந்தான்.

காலையில் சிநேகிதரிடமும் அவர் மனைவியிடமும் உள்ளதைச் சொன்னேன். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த முதிய ஆசிரியை நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "அப்படியானால் நாயைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

இதை வைத்துக் கிரேஹவுண்டுகள் எல்லாமே பூனைக்கு யமன் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லா நாய்களும் ஒன்றுபோல் இல்லை. பொறுமையாகப் பழக்கினால், வீட்டுப் பூனையோடு ஒரே மெத்தையில் தூங்குகிறவையும் உண்டு. அதனால்தான் சங்கத்தார் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே பார்த்து, எது எந்த வீட்டுக்குத் தகும் என்று தேர்ந்து அனுப்புகிறார்கள். ஆனால் ஒன்றை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள்: ஓடுகிற எதையேனும் கண்டுவிட்ட அந்தக் கணத்தில், கூப்பிட்ட குரலுக்கு அது திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்படியானால் சுபாவத்துக்கு ஜவாப்தாரி யார்? நாய் இல்லை, தன் சுபாவத்தை அது தானே தேர்ந்துகொள்ளவில்லை. வளர்த்துப் பணம் பண்ணினவர்கள் பெரிய ஜவாப்தாரிகள். மூன்று வயதில் எந்தக் குணத்துக்காக அதற்கு மாலை போட்டார்களோ, ஐந்து வயதில் அந்தக் குணத்தையே குறை என்று சொல்லிக் கை கழுவினார்கள். கூவிய ஜனங்களும் ஜவாப்தாரிகள். ஆனால் அன்று காலை, அந்தத் தோட்டத்துக் கதவருகில், அவர்களில் ஒருவரும் இல்லை. அங்கே இருந்தவன் நான். அந்தச் சுபாவத்தை நான் அறிந்திருந்தேன். அறிந்தவன் எவனோ, அவன் தலையில்தான் அந்தப் பொறுப்பு இறங்குகிறது. மற்றவர்களின் பாவக் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைக் காட்டி என் கணக்கை நான் தீர்த்துக்கொள்ள முடியாது.

நான் கருணை என்று நினைத்துக் கூடையைக் கழற்றினேனே, அது யாருக்குக் காட்டிய கருணை? ரூபி அதைக் கேட்கவில்லை. கூடையோடு தோட்டத்தில் புல்லை முகர்ந்து திரிவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. கூடை உறுத்தியது என் கண்ணைத்தான். என்னைக் கருணையுள்ளவனாக நானே பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு ஒரு பூனை இரையாயிற்று. தினமும் அலுக்காமல் தோட்டத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, கூடை மாட்டி, கயிறு பிடித்து நடந்தாளே அந்த வீட்டுக்காரி, அவளிடம் இருந்ததுதான் கருணை. அது எழுத்தில் அழகாக இருக்காது, வேலையாக இருக்கும்.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. முயலுக்காகவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையையும் கன்னியையும் அழகுக்காகவும் பெருமைக்காகவும் பட்டணத்தில் வாங்கிக் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கோழியை அது விரட்டிய அன்று, "பொல்லாத நாய்" என்று தெருவில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கும்போது தெரியாதா?

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், ரூபியை நடக்க அழைத்துப் போகும்படி சிநேகிதர் கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் தயங்கினேன். "நீதான் போகணும்" என்றார். பூங்காவில் ஒரு சாம்பல் நிற அணில் குறுக்கே ஓடியது. ரூபியின் உடம்பு முழுதும் ஒரே நரம்பாக விறைத்தது. கயிறு என் மணிக்கட்டை இழுத்த இழுப்பில் தோள் வரையில் வலித்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அணில் மரத்தில் ஏறி மறைந்தது. ரூபி கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தது. பிறகு திரும்பி வந்து என் காலில் சாய்ந்துகொண்டது.

கயிற்றின் ஒரு முனை அதன் கழுத்தில் இருப்பதை மட்டுமே அதுவரை நான் பார்த்திருந்தேன். மறுமுனை என் கையில் இருக்கிறது என்பதை அந்த வலி சொல்லித் தந்தது.

இப்போதும் கதை எழுதும்போது, "அவர் சுபாவம் அப்படி" என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைக்க வேண்டியிருந்தால் பேனா சற்று நிற்கிறது. சொல்லுகிறவர் யார், அவருக்கு அது எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்தபின் அவர் என்ன செய்தார் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுபாவம் தம்முடையதாகவே இருந்துவிட்டால், கேள்வி இன்னும் கடுமையாகிறது. நாய்க்குக் கயிறு பிடிக்க இன்னொருவர் வேண்டும். மனிதனோ, தன் கயிற்றின் மறுமுனையையும் தானே பிடித்துக்கொள்ள வேண்டியவன்.